சமூகப் பணியில் இருப்பவர் குடும்பம், இறைநம்பிக்கை, படிப்பு ஆகியவற்றையும் பேண முடியுமா?

முடியும், ஆனால் நான்குக்கும் எந்நாளும் சம பங்கு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1950இல் மணம் செய்துகொண்ட பின், கணவர் வினோபா பாவேயின் பூதான (நிலக்கொடை கேட்கும்) நடைப்பயணத்துக்காக வடநாடு சென்றிருந்தபோது, கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார்; பிரிந்திருக்க நேர்ந்த காலமே படிப்புக்குரிய காலமாயிற்று. 1968இல் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னர் இருவரும் கீழத்தஞ்சையில் நிலமற்றோருக்காக உழைத்து, 1981இல் உழுவோருக்கு நிலம் பெற்றுத் தரும் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினர். நிலவுடைமையாளரிடம் பேசி, கடன் பெற்று நிலம் வாங்கி, அதைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார்கள். பிரார்த்தனை இவர்களுக்குப் பணிக்குப் புறம்பான கடமையன்று. உண்ணாநோன்பும் போராட்டமும் அதன் தொடர்ச்சியே. இருவரும் ஒரே நோக்கில் நின்றது பெரும்பேறு (எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை). அமையாதவர்கள், பணியேற்கும் முன்பே எந்த நாள்கள் வீட்டுக்கு உரியவை என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.