கேள்வி-பதில்: கேலக்ஸிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்

கே: கோடிக்கணக்கில் கேலக்ஸிகளை, அதாவது நட்சத்திரக் கூட்டங்களை, படம் பிடிக்கிறார்கள் என்று படிக்கிறோம். அதில் எது கைகள் சுற்றிய சுருள், எது வழவழப்பான நீள்வட்டம் என்று யார் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்? எல்லாம் கம்ப்யூட்டர் வேலைதானே?

ப: இன்றைக்குக் கம்ப்யூட்டர்தான், ஆனால் அதற்குச் சொல்லிக் கொடுத்தது பொதுஜனம். முதலில் கணக்கைப் பாருங்கள். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்தொலைநோக்கி, ஆறு வருஷத்தில் 150 கோடிக்கு மேல் கேலக்ஸிகளைப் படம் பிடிக்கப் போகிறது. ஒன்றுக்கு ஒரு விநாடி வீதம் தூங்காமல் கொள்ளாமல் பார்த்தாலும் ஓர் ஆளுக்கு 47 வருஷம் ஆகும். சிலி நாட்டு மலை உச்சியில் இருக்கிற வேரா ரூபின் ஆய்வகம் பத்து வருஷத்தில் 2,000 கோடி கேலக்ஸிகளைப் பதிவு செய்யும் என்கிறார்கள். அதற்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

இந்தத் தலைவலி புதிதல்ல. நியூ மெக்சிகோவில் இருந்து 2000-இல் தொடங்கிய ஸ்லோன் வான் கணக்கெடுப்பு பத்து லட்சம் கேலக்ஸிப் படங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கெவின் ஷவின்ஸ்கி, அதில் 50,000 படங்களை ஒரு வாரத்தில் தன் கண்ணாலேயே பார்த்துப் பிரித்தார். ஏன் இந்தப் பாடு? அந்தக் காலக் கம்ப்யூட்டர் நிரல்கள் பெரும்பாலும் நிறத்தை வைத்துத்தான் வடிவத்தை ஊகித்தன: சிவப்பாக இருந்தால் நீள்வட்டம், நீலமாக இருந்தால் சுருள். அவர் தேடியதோ நீலமான நீள்வட்டங்களை. நிறத்தை வைத்துப் பிரித்தால், தேடுகிற பொருளை முதல் வேலையாக நாமே குப்பையில் போட்டுவிடுகிறோம்!

மீதியைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. அதனால் அவரும் கிறிஸ் லின்டாட் போன்ற சகாக்களும் சேர்ந்து 2007 ஜூலையில் 'கேலக்ஸி ஸூ' என்ற தளத்தைத் திறந்து, யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரே நாளில் மணிக்கு 70,000 பதில் வர ஆரம்பித்தது. முதல் வருஷத்தில் ஒன்றரை லட்சம் பேர், ஐந்து கோடிக்கு மேல் பதில். ஒவ்வொரு படத்தையும் பல பேர் பார்த்ததால், கடைசியில் கிடைத்தது வெறும் 'சுருள்' என்ற சீட்டு அல்ல, 'நூற்றுக்கு 72 பேர் சுருள் என்றார்கள்' என்கிற மாதிரி ஓர் ஓட்டுக் கணக்கு. தளத்தின் உண்மையான சாதனை இந்த ஓட்டுக் கணக்குதான் என்பது என் கட்சி. பெரிய எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கே: ஓட்டுப் போட்டு அறிவியல் செய்ய முடியுமா? பத்து பேர் தப்பாகச் சொன்னால் தப்பு சரியாகிவிடுமா?

ப: ஆகாது. அதற்கு ஓர் அருமையான கதை இருக்கிறது. ஆரம்பத்தில் சுருள் கேலக்ஸியின் கைகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்றும் கேட்டார்கள். வந்த ஓட்டுகளில் கடிகார முள் போகும் திசையைவிட எதிர்த்திசை கணிசமாக அதிகம். இது உண்மையென்றால் பிரபஞ்சத்துக்கே இடக்கை, வலக்கை மாதிரி ஒரு கைப்பழக்கம் இருக்கிறது, அதாவது அண்டவியலை வேரிலிருந்து மாற்றி எழுத வேண்டும் என்று அர்த்தம். அவசரப்படாமல் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சில படங்களைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாகத் திருப்பி மறுபடி மக்கள் முன்னால் போட்டார்கள். பிரபஞ்சத்தில் சாய்வு இருந்தால், இப்போது கடிகாரத் திசை அதிகமாக வர வேண்டும். வரவில்லை. திருப்பிப் போட்டதிலும் எதிர்த்திசைதான் அதிகம். கோளாறு வானத்தில் இல்லை, பார்க்கிறவர்களிடம்தான் என்று தெரிந்துபோயிற்று.

இன்னொரு சிக்கல் தூரம். பக்கத்தில் இருக்கும் சுருளைத் தூக்கி வெகுதூரத்தில் வைத்தால் கைகள் மங்கி, வழவழப்பான உருண்டை மாதிரித் தெரியும்; ஜனங்களும் நேர்மையாக நீள்வட்டம் என்று குத்திவிடுவார்கள். அதனால் பக்கத்துக் கேலக்ஸியின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, சின்னதாக்கி, எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று பார்த்து ஓட்டைத் திருத்துவதும் உண்டு.

கே: வானியலாளர் ஹபிள் நீள்வட்டத்தை 'முந்திய வகை', சுருளைப் 'பிந்திய வகை' என்று பிரித்தாரே, அப்படியானால் நீள்வட்டம் வளர்ந்து சுருளாகிறதா?

ப: இல்லை. பெயர் வைத்த தோஷம். எட்வின் ஹபிள் 1926-இல் போட்ட வரிசை, 1936-இல் இசைக்கவை வடிவ (ஒரு பிடி, இரண்டு கிளை) வரைபடமாக வந்தது. பிடியில் நீள்வட்டங்கள், உருண்டையான ஈ-0 முதல் நன்றாகத் தட்டையான ஈ-7 வரை. ஒரு கிளையில் சாதாரணச் சுருள்கள், மறு கிளையில் நடுவில் பட்டை உள்ள சுருள்கள். பிடியும் கிளைகளும் சேரும் இடத்தில் வில்லை வடிவக் கேலக்ஸிகள். எதிலும் சேராததெல்லாம் 'ஒழுங்கற்றவை'. எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒரு கோப்பு இருக்கும். முந்தியது, பிந்தியது என்ற சொற்களில் வயதுக் கணக்கு கிடையாது. உண்மையில் நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ்: இரண்டு பெரிய சுருள்கள் மோதிக் கலந்தால் நீள்வட்டம் பிறக்க வாய்ப்பு அதிகம். பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வரைபடத்திலேயே ஒரு விரிசலும் விட்டிருக்கிறது. கேலக்ஸியின் நடுவில் புடைத்திருக்கும் நடுவீக்கம் பெரிதாக இருந்தால் கைகள் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் என்பது பாடப்புத்தக விதி. கேலக்ஸி ஸூ ஓட்டுகளை வைத்து 2019-இல் சரிபார்த்தபோது, இரண்டுக்கும் அப்படி ஒன்றும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை.

கே: இவ்வளவு பேர் பார்த்தாயிற்று. இனிமேல் மனிதன் எதற்கு?

ப: வழி காட்ட, அப்புறம் திடுக்கிட. 'ஸூபாட்' என்ற நிரல் மக்கள் போட்ட ஓட்டுகளைப் படித்துக் கற்றுக்கொண்டது. புதுப் படம் ஒன்றைக் காட்டினால், 'இது சுருள்' என்று அடித்துச் சொல்லாது; 'மக்களிடம் கேட்டால் இத்தனை பேர் சுருள் என்பார்கள்' என்று கணிக்கும். யூக்ளிட் படங்களுக்கென்று அதைப் பழக்க 2024 ஆகஸ்டில் மறுபடி பொதுமக்களைக் கூப்பிட்டார்கள், கிட்டத்தட்ட 10,000 பேர் வந்தார்கள். 2025 மார்ச்சில் வெளியான முதல் தொகுப்பில் இருந்த 2.6 கோடி கேலக்ஸிகளில் 3,80,000-க்கு விவரமான வடிவப் பட்டியல் கிடைத்தது. மனிதக் கண்ணின் சாய்வையும் நிரல் சேர்த்தே கற்றுக்கொள்ளும் என்பதால்தான் மேலே சொன்ன கண்ணாடி வேலை முக்கியமாகிறது.

திடுக்கிடுவதற்கு வருகிறேன். நிரலுக்கு நாம் கொடுத்த பெட்டிகள்தான் தெரியும். 2007-இல் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருந்த நிறத் திட்டைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்டார். கேலக்ஸியின் மையத்தில் ஒரு காலத்தில் ஜொலித்து இப்போது அடங்கிப்போன குவேசாரின் (கருந்துளை பொருளை விழுங்கும்போது எழும் பெரும் ஒளி) வெளிச்சம் பட்டு மின்னுகிற வாயு மேகம் அது. அவர் பெயரிலேயே 'ஹன்னியின் பொருள்' என்று அழைக்கிறார்கள். 'சுருளா, இல்லையா' என்று மட்டும் கேட்கிற நிரல் அந்தத் திட்டைச் சட்டை செய்யாமல் போயிருக்கும்.

கே: நானும் பிரிக்கலாமா? படிப்பு வேண்டுமா?

ப: தாராளமாக. படிப்பு வேண்டாம். நானும் ஓர் இரவு உட்கார்ந்தேன். முதல் கேள்வியே 'வழவழப்பாக உருண்டையாக இருக்கிறதா, தட்டையான வட்டும் கைகள் மாதிரி அம்சங்களும் தெரிகிறதா, இல்லை வெறும் நட்சத்திரமோ படக் கோளாறோ?' என்பதுதான். பத்துப் படத்துக்குள் கர்வம் போய்விடும். கைகள் இருக்கிற மாதிரியும் இருக்கும், நம் ஆசை அப்படிக் காட்டுகிற மாதிரியும் இருக்கும்.

கே: நம் பால்வீதி எந்தப் பெட்டியில் வருகிறது?

ப: பட்டை உள்ள சுருள். ஆனால் உள்ளேயே உட்கார்ந்திருப்பதால் வெளியிலிருந்து ஒரு படம்கூட இல்லை. நடுப்பட்டை இருப்பதை ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி 2005-இல் நன்றாக உறுதிப்படுத்தியது. பெரிய கைகள் இரண்டா நான்கா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.