ஒரே பையில் இரண்டு தாள்

கேள்வி: நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிறேன். வயது 59. மூத்தவன் ஸ்காபரோவில். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட்டு, புளோரிடாவிலிருந்து ஏழு இரவு குரூஸ் கப்பலிலும் கூட்டிக்கொண்டு போனான். கரைக்கு வர முதல்நாள், கப்பலுக்குள்ளேயே எங்கள் இருவர் பெயரிலும் தலா 100 டொலருக்கு அடுத்த பயணத்துக்கான சான்றிதழ் வாங்கினான். அதைக் காட்டினால் அடுத்தமுறை முற்பணம் குறையுமாம். வருகிற தையோடு அது முடிகிறது. "விட்டால் காசு போயிடும், மாசியில வாங்கோ" என்கிறான். இவருக்கு 66, சீனி வருத்தம். காலபோக அறுவடையும் அந்த நேரம்தான். எங்களோடு இருந்து வயலையும் எங்களையும் பார்க்கிற மகளுக்கும் மருமகனுக்கும் அதை மாற்றிக் கொடுக்கலாமா? பாவம், அவளும் ஒருக்கால் போய் வரட்டும். தாளை, அரசு தந்த காணிப் பெர்மிட் இருக்கிற பையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். 2009 இல் போருக்குள் மாத்தளன் வரை இடுப்பில் கட்டிக்கொண்டு போன பை அது. (பெர்மிட்டில் பின்னுரித்து, அதாவது இவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று, இன்னும் எழுதவில்லை, அதை ஆறுதலாகப் பார்க்கலாம்.) 200 டொலரை விடுவதா, போவதா?

பதில்: மாற்றிக் கொடுக்க முடியாது, அம்மா. அந்தச் சான்றிதழ் பயணியின் பெயரில் எழுதப்படுவது. யாருடைய பெயரும் அங்கத்துவ இலக்கமும் அதில் இருக்கிறதோ, அவர் அந்த முன்பதிவில் பயணியாக இருக்க வேண்டும். மகளுக்குக் கொடுக்கவோ வேறு யாருக்கும் விற்கவோ பொதுவாக விடமாட்டார்கள்.

அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட பெர்மிட் வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கப்பல் கணக்கை முடிப்போம்.

உங்களிடம் இருப்பது டிக்கெட் அல்ல. எந்தத் திகதி, எந்த அறை, என்ன விலை என்று அதில் ஒன்றும் நிச்சயமாகவில்லை. வயல் எது, விலை என்ன என்று பேசாமலே கொடுத்த அச்சாரம். இதற்கென்று கப்பலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பயணம் முடியும் தறுவாயில், நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாளில் அங்கே வரிசை நீளும். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, திரும்பிப் போக மனமில்லாமல் நிற்கிற நேரம். காசை எண்ணியும் கொடுக்க வேண்டியதில்லை, அறைக் கணக்கில் ஏறிவிடும். கடைசி இரவு வருகிற பில்லில் படம் பிடித்த காசுக்கும் குளிர்பானக் காசுக்கும் நடுவில் 100, 100 என்று இரண்டு வரி.

இதனால் கிடைப்பது இரண்டு. பல கம்பனிகள் ஏழு இரவுப் பயணத்துக்கு ஆளுக்கு 250 டொலர் அளவில் முற்பணம் கேட்கும். சான்றிதழ் இருந்தால் அந்த 100 போதும். மற்றது, அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவழிக்க ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். அதைக் கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் பெரும்பாலும் கையில் தரமாட்டார்கள். குறைகிறது முற்பணம் மட்டும். பயணக் கட்டணம் அப்படியே இருக்கும், மிச்சம் முழுவதையும் கப்பல் புறப்படுவதற்கு ஏறத்தாழ 90 நாளுக்கு முன் கட்டியாக வேண்டும். மாசிப் பயணமென்றால் கார்த்திகையிலேயே மகனின் கார்ட்டிலிருந்து முழுக்காசும் போய்விடும்.

200 டொலர் என்பது ஏறக்குறைய 60,000 ரூபா. சின்னக் காசு இல்லைத்தான். ஆனால் அதைக் காப்பாற்றப் போகிற செலவைப் பாருங்கள். கப்பல் ஊழியருக்கான அன்பளிப்பு மட்டும் ஒருநாளைக்கு ஆளுக்கு 16 டொலர் என்று குறைத்தே வைப்போம். இரண்டு பேர், ஏழு நாள்: 224 டொலர். நீங்கள் காப்பாற்றப் பார்க்கிற காசு அங்கேயே முடிந்தது. இதற்கு மேல் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கும், அங்கிருந்து புளோரிடாவுக்கும் விமானம். அமெரிக்க விசா காலாவதியாகி இருந்தால் விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டொலர், விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. சீனி வருத்தம் உள்ள 66 வயதுக்காரருக்குப் பயணக் காப்புறுதி எடுக்கும்போது அதை மறைக்காமல் எழுதினால் கட்டணம் கூடும். மறைத்து எழுதினால், கப்பல் வைத்தியரின் பில்லைக் காப்புறுதிக்காரர் தட்டிக் கழிப்பார். அந்த பில்லும் அறைக் கணக்கில்தான் ஏறும்.

ஆகவே 200 டொலர் போய்விடுமே என்பதற்காகப் போகாதீர்கள். மகனைப் பார்க்க வேண்டும் என்று மனம் சொன்னால் அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு போங்கள். அதற்குக் கப்பல் தேவையில்லை.

அந்தக் காசை விட்டுவிடவும் சொல்லவில்லை. மகன் ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் தீரக்கூடிய வேலை இது. உங்கள் பையில் இருப்பது அநேகமாக வெறும் பற்றுச்சீட்டு, உண்மையான பதிவு கம்பனியின் கணக்கில் இருக்கும். பயணம் முடிந்ததும் மகனுக்கு ஒரு மெயில் வந்திருக்கும். அதில் சான்றிதழ் இலக்கமும் நிபந்தனைகளும் உண்டு. அவர் அதைத் தேடி எடுத்து, தை மாதத் திகதி என்ன திகதி என்று முதலில் பார்க்கட்டும். அதற்குள் முன்பதிவு செய்தால் போதுமா, அல்லது அதற்குள் கப்பலே ஏறியிருக்க வேண்டுமா? பல கம்பனிகளில் முன்பதிவு செய்தால் போதும், பயணம் அதற்குப் பிறகும் இருக்கலாம். அப்படியென்றால் "மாசியில வாங்கோ" என்ற அவசரத்துக்கே வேலை இல்லை. மகன் இதைப் பார்க்காமலே உங்களை அவசரப்படுத்துகிறார் என்றுதான் படுகிறது.

அடுத்தது, காசு திரும்புமா என்பது. இதில் கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம். பாவிக்காவிட்டால் திருப்பித் தருகிற சான்றிதழும் உண்டு, கண்டிப்பாகத் தராததும் உண்டு. திருப்பித் தருவதிலும் சிலர் காலம் முடிந்ததும் தாமாகவே கார்ட்டுக்கு அனுப்புவார்கள், சிலர் கேட்டால்தான். அன்றைக்குப் பாவித்த கார்ட்டை மகன் இதற்கிடையில் மாற்றியிருந்தால் காசு போய்ச் சேர இடமில்லாமல் நிற்கும். அதனால் தை பிறக்கும்வரை பொறுக்காமல் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். பயணத்தை ஒரு முகவர் மூலம் பதிந்திருந்தால் முகவரைக் கொண்டே கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது, இதை மகனுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். காசு வீணாகக் கூடாதென்று ஏதோ ஒரு பயணத்தில் சான்றிதழைப் போட்டுவைப்போம், பிறகு வேண்டாமென்றால் இரத்துச் செய்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். மலிவாகக் காட்டுகிற கட்டணங்கள் பலவற்றில் முற்பணம் திரும்பாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். திரும்பக்கூடிய உங்கள் 100 டொலரை அதில் போட்டீர்களோ, அதுவும் திரும்பாத காசாகிவிடும். முழுக்காசு கட்டிய பிறகு இரத்துச் செய்தால் தண்டம் அதைவிடப் பல மடங்கு.

கப்பல் கதை இவ்வளவுதான்.

இனி அந்த அடைப்புக்குறி. ஒரே வரியில் எழுதி, "ஆறுதலாகப் பார்க்கலாம்" என்று மூடிவிட்டீர்கள். 200 டொலர்த் தாளுக்கு நாள் எண்ணுகிற உங்களுக்கு, அதே பையில் கிடக்கிற பெர்மிட்டுக்கு மட்டும் அவசரம் இல்லை. அதில் முடிவுத் திகதி அச்சடிக்கவில்லை என்பதாலா? அந்தத் திகதி உங்கள் கணவரின் உயிர். அவருக்கு 66, சீனி இருக்கிறது என்று கப்பல் பயணத்துக்குத் தடையாக எழுதத் தெரிந்த உங்களுக்கு, இதற்கு அது ஞாபகம் வரவில்லையே.

பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. உறுதி எழுதிய சொந்தக் காணி மாதிரிப் பிள்ளைகளுக்குள் சமமாகப் பிரிபடாது. பெர்மிட்காரர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால், மனைவி சீவியமிருக்கும்வரை அனுபவிக்கலாம். அதன்பிறகு காணி சட்டத்தின் அட்டவணைப்படி போகும். 2022 வரை அந்த அட்டவணையில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். அந்த வருடத் திருத்தத்தில் ஆண் பெண் பேதத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் மூத்தவருக்கு முன்னுரிமை என்பது அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டில் மூத்தவர் யார்? ஸ்காபரோவில் இருக்கிறவர். வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிறவளும், இவருடைய மாத்திரைக்கு நேரம் பார்க்கிறவளும், நீங்கள் கப்பலில் ஏறிய நாட்களில் வீட்டைப் பார்த்தவளும் இளையவள்.

"மகன் நல்லவன், தங்கச்சிக்கு எழுதிக் கொடுப்பான்" என்பீர்கள். அவர் நல்லவர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, அம்மா அப்பாவைக் கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளை. ஆனால் பெர்மிட் காணியை நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அந்த அலைச்சல் அலைய அவருக்கு நேரம் இருக்குமா? அவருடைய மனைவி பிள்ளைகளின் எண்ணம் இருபது வருடத்தில் எப்படி இருக்கும்? நல்ல பிள்ளையை அந்தச் சோதனையில் விடுவது பெற்றோர் செய்கிற வேலை அல்ல. கூட இருந்து பார்க்கிற பிள்ளைக்கு அடிவளவு நிச்சயமாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் வாய் திறந்து கேட்கவில்லை என்பதால் அவளுக்குத் தேவையில்லை என்று ஆகாது. கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள்தான் பிறகு அண்ணனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு நிற்கிறார்கள்.

கைமாற்ற முடியாத தாளை மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கக்கூடிய தாள் அதே பையில், அதற்கு அடுத்த மடிப்பில் இருக்கிறது. (அவளுக்குக் கடல் காட்டத்தான் ஆசையென்றால் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஐப்பசியில் கப்பல் விட்டார்கள். மாரியில் நிறுத்திவிடுவார்கள், ஓடுகிற நாளை விசாரித்துக்கொண்டு அனுப்புங்கள்.)

பெர்மிட்டை எடுத்து முதலில் பெயரைப் பாருங்கள். உங்களுடையது பழைய குடியேற்றத் திட்டம். பல வீடுகளில் பெர்மிட் இன்னும் மாமனார் பெயரிலேயே கிடக்கிறது. அப்படியானால் அதைக் கணவரின் பெயருக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை, அதற்கு நாள் எடுக்கும். கணவரின் பெயரிலேயே இருந்தால் வேலை சுகம். பிரதேச செயலகத்தின் காணிக்கிளைக்கு அவரே நேரில் போக வேண்டும், பின்னுரித்தாளரைக் குறிக்கும் உரிமை பெர்மிட்காரருக்குத்தான். மூலப் பெர்மிட், அவருடைய அடையாள அட்டை, உங்கள் விவாகச் சான்றிதழ் எல்லாம் கொண்டு போங்கள். பெர்மிட் தாளில் மகளின் பெயர் ஏறினால் மட்டும் போதாது, செயலகத்தில் இருக்கிற காணிப் பேரேட்டிலும் பதிந்ததா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். இடம்பெயர்வில் ஒரு பக்கம் தொலைந்து மறுபக்கம் மட்டும் மிஞ்சிய பதிவுகளால் இழுபடுகிற குடும்பங்கள் வன்னியில் கொஞ்சம் அல்ல.

மகளை எழுதினால் நாளைக்கு எனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்று உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தால், அதை விடுங்கள். பின்னுரித்தாளர் யாராக இருந்தாலும் கணவருக்குப் பின் உங்கள் சீவிய உரித்து முதலில் வரும், மகளின் முறை அதற்குப் பிறகு. கணவர் உயிரோடு இருக்கும்வரை அவர் எழுதியதை மாற்றவும் முடியும். மகனுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவும் நீங்களே தொலைபேசியில். வேறு யாராவது சொல்லி அவர் அறியக் கூடாது. அதே அழைப்பில் சான்றிதழ் இலக்கத்தையும் கேட்டுவிடலாம்.

செயலகத்துக்குப் போகிற அன்று மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கேட்பார்கள், இரண்டையும் முதல்நாள் இரவே அந்தப் பைக்குள் வையுங்கள். இடம் போதாவிட்டால் கப்பல் தாளை எடுத்து வெளியே வையுங்கள், அது எப்படியும் மகனின் மெயிலில் இருக்கிறது.