லாக் லோமண்டில் மூன்று நாள்: மலைக்கு எந்த நாள் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறையை ஒட்டி ஸ்காட்லாந்தின் லாக் லோமண்ட் ஏரிக்குப் போக நினைக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் 67 வயது அப்பா. கார் கிடையாது. சனிக்கிழமை பென் லோமண்ட் மலை, ஞாயிறு ஏரியைச் சுற்றி வருவது, திங்கள் கிராமங்கள் என்று திட்டம். மலையேறிப் பழக்கமில்லை. இது சரிவருமா?

பதில்: இரண்டு மாற்றங்கள் செய்தால் நன்றாகவே சரிவரும்.

முதலில், ஏரியைச் சுற்றும் யோசனையைக் கைவிடுங்கள். பிரிட்டனில் பரப்பளவில் மிகப் பெரிய ஏரி இது. நீளம் மட்டும் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். கிழக்குக் கரைச் சாலை ரோவர்டென்னன் என்ற இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே கரையோரமாகப் போக நடைபாதைதான் உண்டு. கார் இருந்தாலுமே ஒரு நாளை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கழிப்பதாகத்தான் முடியும். கிழக்குக் கரையிலுள்ள பல்மஹாவில் மூன்று இரவு தங்குங்கள். சிறிய ஊர், அறைகள் குறைவு. இப்போதே பதிவு செய்யாவிட்டால் சற்றுத் தள்ளியுள்ள டிரிமெனில்தான் இடம் தேட வேண்டியிருக்கும்.

வெள்ளி மாலைக்குள் கிளாஸ்கோ சேர்ந்துவிட்டால், குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து பாலக் ஊருக்கு ரயில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். அங்கிருந்து டிரிமென் வழியாகப் பல்மஹாவுக்குப் பஸ். பஸ் அடிக்கடி வராது, மாலையில் சீக்கிரமே நின்றும்விடும். அதனால் லண்டன் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இந்தப் பஸ்ஸின் நேரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது மாற்றம்தான் முக்கியமானது. மலைக்குச் சனியா ஞாயிறா என்பதை வெள்ளி இரவு வரை முடிவு செய்யாதீர்கள். மலைப்பகுதிகளுக்கென்றே தனி வானிலை அறிக்கை வெளியிடும் ‘மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்’ என்ற சேவை இருக்கிறது. கைபேசியில் தெரியும் சூரியப் படத்தை நம்பாமல் இதைப் படியுங்கள். உச்சியில் காற்று எவ்வளவு, நடப்பவரை அது எப்படிப் பாதிக்கும், மேகம் எந்த உயரத்தில் நிற்கும், சிகரங்கள் மேகமில்லாமல் தெரிய எத்தனை சதவீத வாய்ப்பு என்றெல்லாம் சொல்வார்கள். புதியவர்கள் மழையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது காற்றை. தூறலில் நடந்துவிடலாம்; 11 வயதுப் பிள்ளையைத் தள்ளாடவைக்கும் காற்றில் நடக்க முடியாது.

இனி, எந்த மலை? பென் லோமண்ட் 974 மீட்டர். ரோவர்டென்னனில் கிட்டத்தட்ட ஏரி மட்டத்திலிருந்து ஏறத் தொடங்குவதால் அந்த உயரம் முழுவதையும் காலால்தான் கடக்க வேண்டும். போய்வர ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஏறுவதற்கு மட்டும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகிறது. இது பழகியவர்களின் கணக்கு. அதுவும் நிற்காமல் நடந்தால். மகளோடு போனால் இறங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள்.

கார் இல்லாததால் ஒரு சிக்கல் உண்டு. பல்மஹாவிலிருந்து ரோவர்டென்னனுக்குப் பஸ் கிடையாது. மேற்குக் கரையிலுள்ள டார்பெட்டிலிருந்து கோடையில் படகு வரும். ஆனால் திரும்பும் படகு உங்களுக்காகக் காத்திருக்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மலை இறங்குவதுதான் கணுக்கால் பிசகுவதற்கு எளிய வழி. டாக்ஸியை முன்கூட்டியே பேசிவைப்பதையே நான் விரும்புவேன்.

அதனால் என் யோசனை: முதலில் கோனிக் ஹில். பல்மஹா கார் நிறுத்துமிடத்தின் பின்புறமே பாதை தொடங்குகிறது. உயரம் ஏறத்தாழ 360 மீட்டர்தான், போய்வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம் போதும். சின்ன மலை என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். நடுவே வரும் படிகள் மூச்சு வாங்கவைக்கும். மேலே நின்று ஏரியைப் பாருங்கள். இன்ச்கைலக், டோரின்ச், கிரீன்ச், இன்ச்மரின் என நான்கு தீவுகள் ஒரே கோட்டில் தெரியும். நீங்கள் நிற்கும் மேடும் அதே கோட்டில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தையும் உயர்நிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவு, ஆரன் தீவிலிருந்து கிழக்குக் கடற்கரையின் ஸ்டோன்ஹேவன் வரை ஓடுவது, இந்த இடத்தைக் கடக்கிறது. தெற்கே திரும்பினால் வயல்கள், வடக்கே மலைகள். பூகோளப் பாடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உச்சிகள் அதிகமில்லை.

கோனிக் ஹில்லுக்குச் சனியன்றே போய், இறங்கி வந்த மகள் மாலையிலும் ஓடியாடிக்கொண்டிருந்தால், மறுநாள் வானமும் ஒத்துழைத்தால், பென் லோமண்ட் போங்கள். போன பாதையிலேயே திரும்புங்கள். டார்மிகன் முகடு வழியாக இறங்கினால் காட்சி அழகு என்று பலர் சொல்வார்கள். அழகுதான், ஆனால் செங்குத்து, சேறு, முதல் மலைக்கு வேண்டாம். உச்சியின் வடபுறம் சரேலென்று சரிகிறது, அங்கே மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் 15 டிகிரி என்றால் உச்சியில் 9 டிகிரிதான் இருக்கும்; காற்றில் இன்னும் குளிராக உறைக்கும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது. விரைவில் உலரும் உடை, மேலே கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் மழைச்சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம். குளிரில் விறைத்துப்போகும், ஆகவே ஃபிளாஸ்கில் சூடான தேநீர் அவசியம்.

காற்றே இல்லாத மாலையில் ஏரிக்கரையில் உட்காராதீர்கள். மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிகள் மேகமாகச் சூழ்ந்து தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். லேசான காற்று வீசினாலே காணாமல் போய்விடும். உண்ணிகளும் உண்டு. தினமும் இரவு முழங்கால் மடிப்பு, அக்குள், மகளின் காதுமடலுக்குப் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். லைம் நோயைப் பரப்புபவை அவை.

அப்பாவுக்கு இன்ச்கைலக் தீவு. பல்மஹா படகுத்துறையிலிருந்து சில நிமிடங்களே. ஓக் மரக்காடு, இடிந்த தேவாலயம், பழைய இடுகாடு என்று நிதானமாக நடக்கத் தோதான இடம். நீங்கள் மலையில் இருக்கும் நாளில் அவர் தனியாகவே போய்வரலாம். பல்மஹாவில் கம்பளித் தொப்பியோடு நிற்கும் சிலை டாம் வேயருடையது. மலையேறி, எழுத்தாளர், தொலைக்காட்சியில் ஸ்காட்லாந்தைச் சுற்றிக் காட்டியவர்.

திங்கட்கிழமை எதிர்க்கரையிலுள்ள லஸ் கிராமத்துக்குப் படகில் போங்கள். ஸ்காட்லாந்தில் கோடை விடுமுறைத் திங்கள் ஆகஸ்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால் வார இறுதி அளவுக்குக் கூட்டம் இருக்காது. கற்குவாரி, ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சிறு வீடுகள், வாசலெல்லாம் பூச்செடிகள். தேவாலய வளாகத்தில் வைக்கிங் காலக் கல்லறைக் கல் ஒன்று, வீட்டுக்கூரை வடிவத்தில் இருக்கிறது. பலர் பார்க்காமலே போகிறார்கள். பெட்டிகளைப் படகிலேயே எடுத்துச் செல்லுங்கள். லஸ்ஸிலிருந்து கிளாஸ்கோவுக்கு நேரடிப் பஸ் இருக்கிறது, பாலக் வழியாகத் திரும்ப வேண்டியதில்லை.

மலையில் சிக்கிக்கொண்டால் அவசர எண் 999 அழைத்து முதலில் காவல்துறையை, பிறகு மலைமீட்புக் குழுவைக் கேளுங்கள். நேராக ஆம்புலன்ஸ் கேட்க வேண்டாம். அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் கைபேசியை அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். லண்டனில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.