சரல் பூமியில் தண்ணீர் தங்கவில்லை என்றால் அது மோசமான மண்ணா?

கேள்வியின் சுருக்கம்: குமரி மாவட்டம் தோவாளை தாலுகாவில், ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே 2 ஏக்கர் மேய்ச்சல் தரை. மேலே முழுக்கச் சரல் (சரளைக் கல்). எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் தரை காய்ந்துவிடுகிறது. கல்லைப் பொறுக்கிவிட்டுக் குளத்து வண்டல் அடித்தால் ஆடு வளர்க்கிற அளவுக்குப் புல் வருமா?

கல்லைப் பொறுக்க வேண்டாம். வண்டலுக்கும் இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முதலில் அந்த மண் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

தண்ணீர் நிற்காததை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். மண் சாஸ்திரத்தில் 'நல்ல வடிகால்' என்று பெயர் எடுத்த மண் இதுதான். வேர் அழுகாது, உப்பு பூக்காது, மழை விட்ட மறுநாளே ஆடு நடக்கலாம், குளம்பழுகல் வராது. இதன் பலவீனம் வேறொன்று: பானை சிறியது. பெய்கிற மழையில் இந்த மண் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பங்கு குறைவு. வடிகாலையும் கொள்ளளவையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத வேலைக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமும் மண்வெட்டி வைத்தால் 'கணீர்' என்று சரல்தான். அங்கே ரப்பர் நிற்கிறது. பானை அங்கேயும் பெரிதில்லை. இரண்டு பருவமழையும் அதைத் திரும்பத் திரும்ப நிரப்புகின்றன. நீங்கள் இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே. தென்மேற்குப் பருவத்தில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று உங்கள் தரையை உலர்த்திக்கொண்டிருக்கும். மழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடும். உங்களுக்கு நம்பிக்கை ஐப்பசி, கார்த்திகைதான்.

பானையின் அளவை வீட்டிலேயே கணக்குப் போடலாம். கடப்பாரையும் பிக்காசும் வைத்து ஓர் ஆள் உட்காரும் அகலத்தில் ஒரு மீட்டர் ஆழக் குழி எடுங்கள். சுக்காம்பாறை தட்டினால் அங்கேயே நிறுத்தி, அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழியின் ஒரு பக்கத்தைச் செதுக்கி, மேலிருந்து கீழ்வரை சமமாகச் சுரண்டிய மண்ணில் ஒரு கிலோ எடுத்து நன்றாகக் காயவைத்து, கட்டியை உடைத்து, 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். 2 மி.மீ.க்கு மேற்பட்டது கல், கீழ்ப்பட்டது மண்; ஆய்வகத்திலும் இதே எல்லைதான். மேலே தங்கியதைக் கழுவிக் காயவைத்து நிறுங்கள்.

அரைக் கிலோ கல் தங்கியது என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கல் என்று பயப்பட வேண்டாம், எடை வேறு, இடம் வேறு. கல்லின் அடர்த்தி சுமார் 2.65, தரையில் இருக்கிற மண்ணின் அடர்த்தி சுமார் 1.5. ஆக 500 கிராம் கல் பிடித்த இடம் 189 கன சென்டிமீட்டர், 500 கிராம் மண் பிடித்த இடம் 333. கல்லின் பங்கு 36 சதவீதம். கன அளவில் 15 முதல் 35 வரை கல் இருந்தால் சரல் மண், 35 முதல் 60 வரை என்றால் மிகுசரல் மண். இந்தக் கணக்குப்படி உங்களுடையது எல்லைக்கோட்டில் நிற்கிறது.

அடுத்தது தண்ணீர். மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குக் கிடைக்கும்படி சுமார் 110 மி.மீ. தண்ணீரை வைத்திருக்கும். ஆழம் அரை மீட்டர்தான் என்றால் 55. அதில் கல் போக 64 சதவீதம்தான் மண், அதாவது 35 மி.மீ. வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு 6 மி.மீ. இழுத்தால் ஆறு நாள் தாங்கும். அதற்குப் பிறகு பெய்தால்தான் உண்டு. ஒரே நாளில் 80 மி.மீ. கொட்டினாலும் கணக்கு இந்த 35தான். மீதி கீழே இறங்கிவிடும் அல்லது மேலாக ஓடிவிடும்.

கீழே இறங்குகிறதா, மேலாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வியின் மையம். அதற்குத் தனிச் சோதனை உண்டு. சாய்வில்லாத இடத்தில் ஒரு அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து இரண்டு முறை தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். மூன்றாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். 2 முதல் 8 செ.மீ. இறங்கினால் நல்ல வடிகால், 10க்கு மேல் போனால் மிகை. குழியின் சுவர் நிறத்தையும் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு அல்லது பழுப்பு என்றால் தண்ணீர் எங்கும் தேங்குவதில்லை. சாம்பல் நிறப் புள்ளிகளும் துருக் கறைகளும் கலந்து தெரிந்தால், அந்த ஆழத்தில் வருடத்தில் சில வாரமாவது தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

குழிக்குள் வேகமாக இறங்குகிறது, ஆனால் மழையில் தரையின் மேலே ஓடுகிறது என்றால் குற்றவாளி மேல்தோல். இந்தச் செம்மண்ணில் மட்கு குறைவு. மழைத்துளி அடித்ததும் நுண்மண் கரைந்து, துளைகளை அடைத்து, காய்ந்தபின் அப்பளம் மாதிரி ஒரு தோல் இறுகிவிடும். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். தரைமேல் சும்மா கிடக்கிற கல்லானால் அடியில் மண் பொலபொலவென்று, லேசான ஈரத்தோடு, எறும்பு ஓட்டையும் மெல்லிய வேருமாக இருக்கும். ஒரு சாண் தள்ளி வெறும் தரையைத் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கேட்கும். சும்மா கிடக்கிற கல் துளியின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு தண்ணீரை அடியில் நுழையவிடும். வெயிலில் ஈரம் போவதையும் காற்றில் மண் பறப்பதையும் தடுக்கும். பாதி புதைந்து தோலோடு ஒட்டிப்போன கல் இதற்கு நேர்மாறு, தண்ணீரைச் சறுக்கிவிடும். ஆகவே கல்லைப் பொறுக்கி வேலியோரம் குவிப்பது தப்பு. ஒட்டிய கல்லைக் கிளறிவிடுவதுதான் வேலை. முதல் மழைக்கு முன் சாய்வுக்குக் குறுக்காக ஒரு முறை கொத்துக் கலப்பை ஓட்டினால் போதும். இரண்டு மூன்று முறை உழுது பொடியாக்கினால் தோல் இன்னும் கெட்டியாகத்தான் வரும்.

கல் எந்த இனம் என்பதும் முக்கியம். வெள்ளையாக, கண்ணாடி மாதிரி உடைகிறது வெங்கச்சங்கல். அதில் சத்தும் இல்லை, தண்ணீரும் பிடிக்காது. சிவந்து, மிளகு முதல் நெல்லிக்காய் அளவு உருண்டையாக, தரையில் தேய்த்தால் செங்கல் நிறக் கோடு விழுவது துருக்கல், நம்மூர் வெட்டுக்கல்லின் உறவு. அது கொஞ்சம் ஈரம் பிடிக்கும், ஆனால் இரும்பு நிறைய இருப்பதால் போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கட்டிவைத்துக்கொள்ளும். மூன்றாவது, சாம்பல் வெள்ளையில் முண்டுமுண்டாக இருக்கிற சுக்கான்கல். கழிப்பறை கழுவுகிற ஆசிட் ஒரு பங்கைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து (ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், கையுறையோடு) ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அப்படியானால் கார அமில நிலை 8ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கும்; என்ன விதைப்பது என்பதே மாறிவிடும்.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஒரு விஷயம். ஆய்வகத்தில் சலித்த நுண்மண்ணை மட்டும்தான் சோதிப்பார்கள். ஹெக்டேருக்கு மணிச்சத்து 20 கிலோ என்று அட்டையில் வந்தால், நிலம் முழுக்க நுண்மண்தான் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 36 சதவீதம் கல் உள்ள நிலத்தில் உண்மையில் இருப்பது 13 கிலோ அளவுதான். அட்டையை நம்பி உரத்தைக் குறைத்துவிட்டு 'சத்து இருந்தும் வளரவில்லை' என்று புலம்புவது சரல் பூமியில் வழக்கமான கதை.

இனி வண்டல். நிலம் முழுக்க அரை அடி பரப்பினால் என்ன ஆகும்? நுண்ணிய மண்ணுக்கு அடியில் பருமனான சரல் இருந்தால், மேல் அடுக்கு ஏறக்குறைய முழுதாக ஊறும்வரை தண்ணீர் கீழே தாண்டாது. அது மேலேயே தங்கி, வெயிலில் ஆவியாகப் போய்விடும். வேரும் அந்த அரை அடியிலேயே சுற்றிக்கொண்டு கீழே போகாது. வண்டல் கிடைத்தால் (குளத்தில் எடுப்பதற்கு அனுமதி வாங்கித்தான்) மரக்குழிகளில், தோண்டிய சரலோடு பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள். அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

அந்தக் காசில் குறுக்குக் குழி எடுப்பது எவ்வளவோ மேல். 10 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் இரண்டு பேர் நின்று சம உயரக் கோடு போடுங்கள். அதன்மேல் 3 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் விட்டுவிட்டுக் குழிகள். எடுத்த மண் பள்ளப் பக்கம் வரப்பாக வர வேண்டும். அடுத்த வரிசைக் குழி முந்திய வரிசையின் இடைவெளிக்கு நேராக அமையட்டும். ஒரு குழி சுமார் 400 லிட்டர் பிடிக்கும். இந்த மண்ணில் சில மணி நேரத்தில் உள்ளே இறங்கிவிடும், கொசுத் தொல்லையும் இல்லை. கோடு மட்டம் தப்பினால் தண்ணீர் ஒரே மூலைக்கு ஓடி வரப்பை உடைத்து ஓடை வெட்டிவிடும். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். ஜேசிபி ஆளிடம் கண்மட்டத்தில் எடுக்கச் சொல்லாதீர்கள்.

குழி வரப்பில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைக்கலாம், இடைத்தரையிலும் தூவலாம். ஏக்கருக்கு இரண்டும் தலா 2 கிலோ. கொழுக்கட்டைப் புல் விதையை அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது, அதற்கு உறக்கம் உண்டு. ஆறு மாதமாவது பழகிய விதையாகக் கேட்டு வாங்குங்கள். பஞ்சு மாதிரி இருப்பதால் காற்றில் போய்விடும், ஈர மணலில் பிசிறித் தூவ வேண்டும். முயல் மசாலுக்குத் தோல் கெட்டி: 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் வைத்து எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். இரண்டையும் ஒரு செ.மீ.க்கு மேல் புதைக்கக் கூடாது. ஒரு முள் கிளையை இழுத்துவிட்டால் போதும். சுக்கான்கல் நிலமானால் முயல் மசாலுக்குப் பதில் சங்குபுஷ்பம் பாருங்கள். காலம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் வாரம். ஆனி, ஆடித் தூறலை நம்பித் தூவினால் முளைத்ததைக் காற்றே கருக்கிவிடும்.

முதல் வருடம் ஆட்டை உள்ளே விடாதீர்கள். புல் பூத்து விதை கொட்டட்டும். இரண்டாம் வருடமும் நாலு விரல் உயரத்துக்குக் கீழே கடிக்கவிடாமல் மாற்றி மாற்றி மேயுங்கள். அடிவரை கடித்த புல்லின் வேரும் சுருங்கும். பானை சிறிய மண்ணில் வேரும் சிறுத்தால் ஆறு நாள் தாங்கியது மூன்று நாளாகிவிடும்.

எத்தனை ஆடு? 25 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்தீவனம், வருடத்துக்கு 365 கிலோ. இப்போதைய தரையில் ஏக்கருக்கு 400 கிலோ காய்ந்த புல் வருகிறது என்று வைத்தாலும், பாதியை விட்டுவைக்க வேண்டும் என்பதால் 200தான் கணக்கு. 2 ஏக்கருக்கு ஒரே ஒரு ஆடு. புல் பிடித்து விளைச்சல் மூன்று மடங்கானால் மூன்று. இருபது ஆடு என்ற திட்டம் இருந்தால் அது வெளித்தீவனத்தில் நடக்கிற பண்ணை. நிலம் ஆடு உலாவுவதற்குத்தான்.

மரம் என்றால் அங்கே ஏற்கெனவே நிற்கிற குடை விரித்த உடைமரத்தை வெட்டாதீர்கள். கோடையில் அதன் நெற்று நல்ல தீனி, அடியில் மண்ணும் கொஞ்சம் கறுத்து மட்காகியிருக்கும். மேற்கு எல்லையில் கிளுவை வேலி, அதை ஒட்டி பனை அல்லது வெள்வேல் போட்டால் காற்றின் வேகம் குறையும். சீமைக்கருவேல் நெற்றை மட்டும் ஆடு தின்னவிட வேண்டாம். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, நீங்கள் தண்ணீர் சேர்க்க வெட்டின குழியிலேயே முதலில் முளைக்கும். விரல் கனத்தில் இருக்கும்போதே, மழை ஈரத்தில், வேரோடு பிடுங்கிவிட வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் நாலாகத் துளிர்க்கும்.