வால்வில் படிந்த கால்சியம்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 68. நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டியவர். இன்றும் நாளுக்கு ஐந்தாறு பீடி பிடிக்கிறார். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த இதய எக்கோ பரிசோதனையில், ‘பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்துள்ளது, அடைப்பு இல்லை’ என்று வந்தது. வயதானால் வருவதுதான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரால் இப்படி ஆகுமா? அவர் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால், தண்ணீரின் உப்பு அப்படியே போய் வால்வில் ஒட்டிக்கொள்வதில்லை. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலில், நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடும் அந்த வால்வின் மெல்லிய இதழ்களின் மேற்பரப்பு சேதமடையும்போது, கெட்ட கொழுப்பு உள்ளே புகுந்து அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் அங்குள்ள செல்களே எலும்பை உருவாக்கும் செல்களைப் போல மாறிக் கால்சியத்தைச் சேர்க்கத் தொடங்குகின்றன. மாரடைப்புக்குக் காரணமான இதயத் தமனிகளிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று காரணங்களும் பெரும்பாலும் ஒன்றே.

ஆகவே, ‘வயதானால் வருவதுதான்’ என்று அந்த அறிக்கையை மடித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 5,600-க்கும் மேற்பட்டோரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்து 1999-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவருக்கும் மேலானோரிடம் அடைப்பில்லாத இந்த வால்வுத் தடிப்பு இருந்தது. அவர்கள் இதய, இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்களை வால்வு கொன்றது என்று இதற்குப் பொருளில்லை. தமனிகளில் மறைவாக நடப்பதை வால்வு வெளியே காட்டிக்கொடுக்கிறது.

இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். பீடியை அவர் அடியோடு விட வேண்டும். ஐந்தாறுதானே என்ற சமாதானத்தை தமனி ஏற்காது. மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தால், அது வால்வுக் கால்சியத்தைக் கரைக்காது என்பதைத் தெரிந்துகொண்டே தொடருங்கள்: அது தமனிகளுக்கான மருந்து. அடுத்த எக்கோவில் வால்வு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடும் பலரை நான் கண்டிருக்கிறேன்.

கால்சியம் மாத்திரை இன்னும் தேவையா என்று எழுதித் தந்த மருத்துவரையே கேளுங்கள். பால், தயிர், கேழ்வரகை விலக்க வேண்டியதில்லை.

சிலருக்கு இந்தப் படிவு ஆண்டுகள் கடந்து அடைப்பாக மாறும். சென்ற ஆண்டு ஊத்துமலைப் படிகளில் நிற்காமல் ஏறியவர் இந்த ஆண்டு பாதியில் நின்று மூச்சு வாங்கினால், தாமதிக்காமல் இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எப்போது போனாலும் இந்த எக்கோ அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். வால்வு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.