கொள்ளுத்தாத்தாவ நெட்ல தேடுறவங்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

ஃபேமிலிசர்ச்னு வம்சாவளி தேடற சைட்ல தாத்தா பேர போட்டா ஒண்ணுமே வரல சார். வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் எப்படி கொட்டுது? (பெரம்பூர் வாசகர்)

அந்த மாதிரி சைட்டெல்லாம் சர்நேம வச்சு கட்டினது, நமக்கு இருக்கறது இனிஷியல், அது தலைமுறைக்கு தலைமுறை மாறும், பேரனுக்கு தாத்தா பேர வைக்கற வீட்ல ஒண்ணு விட்டு ஒண்ணு அதே பேரு திரும்ப வரும். அமெரிக்கால 1950 சென்சஸ் வரைக்கும் ஆளாளுக்கு பேரோட நெட்ல கிடைக்குது. இங்க 1948 சென்சஸ் சட்டப்படி தனி ஆள் விவரத்த யாரும் பாக்க முடியாது. அதனால நமக்கு நிலமும் ஓட்டும்தான் வழி. 2002, 2005 வாக்காளர் பட்டியல தேர்தல் சைட்ல போட்டிருக்காங்க, அதுல அப்பா பேரு இல்லன்னா புருஷன் பேரு, கதவு எண், வயசு எல்லாம் இருக்கும். ஊர்ல துண்டு நிலம் இருந்தா ஆன்லைன்ல ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு பாருங்க, அதுல வர்ற பத்திர நம்பர வச்சு பின்னாடியே போனா மூலப்பத்திரத்துல "இன்னாரு மகன் இன்னாரு"ன்னு எழுதியிருக்கும், அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ அலைச்சலும்.

பாட்டியோட தாத்தா கூடப்பொறந்தவரு தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்கு கரும்புத் தோட்ட வேலைக்கு போனாராம், திரும்பவே இல்ல. கண்டுபிடிக்க முடியுமா? (வேளச்சேரி வாசகி)

முடியறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கும்மா. மெட்ராஸ்லேந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 டர்பன் போய் சேந்துச்சு, அதுலேந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல போயிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அதோட அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம்னு எழுதி வச்ச கப்பல் பட்டியல இப்ப டிஜிட்டல் பண்ணி தேடற மாதிரி வச்சிருக்காங்க. பேர போட்டு மட்டும் தேடாதீங்க, ஏன்னா பட்டியல் எழுதினவங்க காதுல விழுந்தத இங்கிலீஷ்ல எழுதினாங்க, முத்துசாமி மூட்டூசாமி ஆயிருப்பாரு, கவுண்டர் கோவெண்டர் ஆயிருப்பாரு, முதலியார் மூட்லி. ஊரையும் தாலுகாவையும் பிடிங்க. ஜில்லா அன்னிக்கு இருந்த பேர்லதான் இருக்கும், இப்ப வேலூர்னு சொல்ற இடம் அதுல வட ஆற்காடு. உங்க பாட்டி இருந்தா இன்னிக்கே ஃபோன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி ஊரு பேரு, குலதெய்வம் கோயில், அக்கம்பக்கத்து கிராமம் எல்லாத்தையும் சொல்ல விடுங்க, குலதெய்வம் எங்க இருக்கோ பூர்வீகம் பெரும்பாலும் அங்கதான், நான் இதுவரைக்கும் உதவி பண்ணின குடும்பத்துல பாதிக்கு மேல அப்படித்தான் ஊரு தெரிஞ்சுது. அந்த பட்டியல்ல பொம்பளைங்க பேருக்கு பக்கத்துலயும் அவங்க அப்பா பேரும் ஊரும் இருக்கும், அத படிக்கறப்ப எனக்கு இன்னும் தொண்டை அடைக்குது.

தாத்தா ஜாதகத்துல "சாதாரண வருஷம் ஆவணி"ன்னு மட்டும் இருக்கு. எந்த வருஷம்? (மயிலாப்பூர் வாசகர்)

அறுபது வருஷ சுத்துல சாதாரண 1910லயும் வரும், 1970லயும் வரும். உங்க தாத்தான்னா 1910 ஆகஸ்ட் நடுவுலேந்து செப்டம்பர் நடு வரைக்கும். கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தா ஆன்லைன் பஞ்சாங்கத்துல ஒத்துப் பாருங்க, சரியான தேதியே கிடைச்சிடும். பழைய நில ரெக்கார்டுல பசலின்னு (நிலவரி கணக்கு வருஷம்) இருந்தா 590 கூட்டிக்கங்க, பசலி 1320ன்னா 1910 ஜூலைலேந்து அடுத்த ஜூன் வரைக்கும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா பூர்வீகம் தெரியுமா? (அண்ணா நகர் வாசகர்)

ஊரு தெரியாது. "தென்னிந்தியா"ன்னு ஒரு பர்சன்டேஜ் வரும், அது உங்களுக்கே தெரியும். அதே கம்பெனில டெஸ்ட் எடுத்த தூரத்து சொந்தம் யாராவது மாட்டினா உண்டு, டர்பன்லயோ மொரீஷியஸ்லயோ இருக்கறவங்கள தேடறீங்கன்னா அதுக்காக எடுக்கலாம். ஆனா 2023ல ஒரு பெரிய டிஎன்ஏ கம்பெனிலேந்து லட்சக்கணக்கான பேரோட விவரம் திருடு போச்சு, உங்க டிஎன்ஏ உங்க பிள்ளைங்களோடதும்தான், அவங்களயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.