பச்சையெல்லாம் ஜேடா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாட்டி 1960-களில் பர்மாவிலிருந்து ஊர் திரும்பியபோது கையில் போட்டுவந்த பச்சை வளையல் இப்போது என்னிடம் இருக்கிறது. அது அசல் ஜேடுதானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பெரும்பாலும் முடியும். கண்ணாடியில் கீறிப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். ‘இந்திய ஜேடு’ என்ற பெயரில் விற்கும் பச்சை அவெஞ்சுரின் ஒரு குவார்ட்ஸ் கல்; அதுவும் கண்ணாடியைக் கீறும். நிறத்தையும் நம்ப முடியாது. எடையை நம்பலாம்.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். வளையலை நன்றாகத் துடைத்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வளையல் முழுக மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய தையல் நூலில் வளையலைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்; தராசைத் தொடாத ஒரு குச்சியில் கட்டுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும்.

ஜேடைட், நெஃப்ரைட் என்ற இரண்டு வகைக் கல்லுமே அசல் ஜேடுதான். வளையல் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் 15 காட்டினால் விடை ஏறக்குறைய 3.3, அது பெரும்பாலும் ஜேடைட். 17 காட்டினால் 2.9-க்கு மேல், பெரும்பாலும் நெஃப்ரைட். 19-ஐ ஒட்டி வந்தால் அவெஞ்சுரினாகவோ சாயமேற்றிய வேறு குவார்ட்ஸாகவோ இருக்கலாம். கல்லில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் விடை குறைந்து, நல்ல கல்லையும் போலி என்று காட்டிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழ் ஒட்டாது. வளையல் அடியைத் தொட்டால் கணக்கே கெட்டுவிடும். தங்கப் பூண் போட்ட வளையலுக்கு இந்த முறை ஆகாது.

எடை பொருந்தினாலும் நிறம் இயற்கையா என்ற கேள்வி மிஞ்சும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பச்சை நிறம் மயிரிழைக் கோடுகளில் தேங்கி, வலை போலத் தெரிந்தால் சாயம். அமிலத்தில் ஊறவைத்துப் பிசின் ஏற்றிய கல்லை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது; ரத்தினச் சோதனைக் கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: மரகதமும் ஜேடும் ஒன்றுதானே?
– வாசகர், செங்கோட்டை

பதில்: இல்லை. மரகதம் பெரில் என்ற கனிம இனத்தைச் சேர்ந்த ஒற்றைப் படிகம். ஜேடோ நுண்ணிய இழைகளோ மணிகளோ பின்னிப் பிணைந்த கட்டி. அதிலும் நெஃப்ரைட், ஜேடைட் என்று இரண்டு கனிமங்கள் இருப்பதை 1863-இல் பிரெஞ்சுக்காரர் டமூர்தான் பிரித்துக் காட்டினார். நம் பக்கத்துப் பழைய கல் வணிகம் பெரிலை நம்பி நடந்தது. காங்கேயம் அருகே படியூரில் தோண்டினார்கள், கொடுமணலில் மணியாக்கினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்குப் போகும் பாதை அது.

கேள்வி: சீனர்கள் பொன்னுக்கும் மேலாக ஜேடைப் போற்றியது ஏன்? பச்சை நிறத்துக்காகவா?
– வாசகி, நகரி

பதில்: நிறத்துக்காக அல்ல. அவர்கள் உச்சத்தில் வைத்தது ஆட்டுக் கொழுப்பு போன்ற வெள்ளை நெஃப்ரைட்டை. இன்றைய சீனாவின் மேற்கே உள்ள கோத்தான் ஊரில் யுருங்காஷ், கராகாஷ் என இரண்டு ஆறுகள். முன்னது வெள்ளைக் கல்லுக்கும் பின்னது கறுப்புக் கல்லுக்கும் பேர்போனது.

ஜேடின் பெருமை அதன் உறுதியில் இருக்கிறது. கடினத்தில் நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரைதான்; குவார்ட்ஸ் 7. ஆனால் இழைகள் பாய் முடைந்ததுபோல் பின்னியிருப்பதால் சுத்தியலுக்குச் சுலபத்தில் உடையாது. உளியால் செதுக்கவும் வராது; தேய்த்துத்தான் உருவாக்க வேண்டும். ஈர மணலைத் தூவி, நூலை முன்னும் பின்னும் இழுத்து அறுத்தார்கள். அறுப்பது மணல், நூல் அதை இழுத்துச் செல்லும் வாகனம், அவ்வளவே. யாங்சி ஆற்று முகத்துவாரப் பக்கம் லியாங்சூ மக்கள் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலோகக் கருவி இல்லாமல், வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையுமான ‘சோங்’ குழாய்களை இப்படிச் செய்தார்கள். அவற்றின் மேல் மயிரிழைக் கோடுகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இத்தனை நாள் உழைப்பை யாரால் கேட்டு வாங்க முடியுமோ அவர்கள் கையில்தான் ஜேடு இருந்தது. சீனாவின் ஷாங் வம்ச அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் 1976-இல் 755 ஜேடுப் பொருள்கள் கிடைத்தன.

கன்பூசியஸ் மரபில் ஜேடு நற்குணத்தின் உருவம்: இதமான பளபளப்பு அன்பு, மறையாத குறை நேர்மை. சாவிலும் காக்கும் என்று நம்பினார்கள். கி.மு. 113-இல் இறந்த இளவரசர் லியூ ஷெங்குக்கு 2,498 ஜேடுத் தகடுகளைப் பொன்கம்பியால் தைத்து உடை போர்த்தினார்கள். 1968-இல் திறந்தபோது உடை இருந்தது, உடல் மக்கிப்போயிருந்தது.

கேள்வி: அடர்பச்சைச் சிலை ஒன்றை ‘2,000 ஆண்டுப் பழைய சீன ஜேடு’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: மேலே சொன்ன எடைக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். விடை 3.3 வந்தால் கல் பெரும்பாலும் ஜேடைட். பழஞ்சீனச் சிற்பிகள் கைக்குக் கிடைத்தது நெஃப்ரைட். பர்மாவின் கச்சின் மலையிலிருந்து ஜேடைட் சீனாவுக்குப் பெருமளவில் போனது 18-ஆம் நூற்றாண்டில்தான். கல் அசலாக இருக்கலாம். சொல்லும் வயது பொருந்தாது. நெஃப்ரைட் என்று வந்தாலும் அது பழமைக்குச் சான்றாகாது. இன்றைக்கும் நெஃப்ரைட்டில் சிலை செய்கிறார்கள். எந்த இடத்தில் எடுத்தது, யார் கை மாறி வந்தது என்று எழுத்தில் காட்டாதவரை புதுச் சிலைக்கான விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.